கோவிவனுக்கு ஒரு கல்லு, எங்க திண்ணைக்கு?

போன மாசம் பாண்டிச்சேரியில இருந்து ஒரு நண்பர் வந்திருந்தார். வழக்கம் போல கூட்டிட்டுப் போய் கோவில் காட்டினேன். ராஜகோபுரம், 217 அடி, 11 நிலை. கிருஷ்ணதேவராயர் ஆரம்பிச்சார், தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர் முடிச்சார். ஆயிரங்கால் மண்டபம், சிவகங்கைத் தீர்த்தம், வல்லாள மகாராஜா கோபுரம்னு மூச்சு விடாம சொல்லிக்கிட்டே வந்தேன். எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு வெளிய வந்ததும் மனுஷன் ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரிய்யா. கோவிலைத் தவிர உங்க ஊர்ல பழசா என்ன இருக்கு? வீடு, சத்திரம், மடம்... அதைக் காட்டு."

தேரடி வீதியில நின்னு சுத்தும் முத்தும் பார்த்தேன். செல்போன் கடை, லாட்ஜ், துணிக்கடை, பாத்திரக்கடை. மாடிப் பக்கம் அண்ணாந்து பார்த்தா எங்கேயோ ஒரு பழைய சுண்ணாம்புத் தூண், அதுக்கு மேல பிளெக்ஸ் போர்டு. "இருக்கு... ஆனா லிஸ்ட் எதுவும் இல்லை"ன்னு சமாளிச்சேன். அந்தப் பதில் ராத்திரி பூரா உறுத்துச்சு. இந்தப் பதிவு அதனாலதான்.

2002ல் நடந்த கதை

எங்க ஊர் கட்டடப் பாதுகாப்புக்காக ஒரு தடவை கொந்தளிச்சிருக்கு. பலருக்கு மறந்திருக்கும், சின்னப் பசங்களுக்குத் தெரியவே தெரியாது.

2002ல் கும்பாபிஷேகம் நடந்த அதே வருஷம், மத்தியத் தொல்லியல் துறை அருணாசலேஸ்வரர் கோவிலை தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச் சின்னமா எடுத்துக்கப் போறோம்னு கிளம்பிச்சு. இதுக்கான சட்டம் 1958ல் வந்தது. மத்திய அரசு முதல்ல ஒரு அறிவிக்கை போடும், ரெண்டு மாசம் ஆட்சேபணை கேட்கும், அப்புறம் அறிவிச்சிடும். காகிதத்துல பார்த்தா நல்ல விஷயம்தான். ஆனா ஊரே எதிர்த்துச்சு. போராட்டம், வழக்கு, உச்சநீதிமன்றம் வரைக்கும் போச்சு. கடைசியில 2004ல் மத்திய அரசு பின்வாங்கிச்சு, கோவில் அறநிலையத் துறைகிட்டயே இருந்தது.

ஏன் எதிர்த்தோம்? ரெண்டு பயம். முதல் பயம் பூஜை. மாமல்லபுரம் கடற்கரைக் கோவில் மாதிரி டிக்கெட் கவுன்டரும் புல்வெளியுமா ஆயிடுமோ, விளக்கு அணைஞ்சிடுமோன்னு. நியாயமா பார்த்தா இதுக்கு எதிர் உதாரணமும் இருக்கு. தஞ்சைப் பெரிய கோவில் தொல்லியல் துறை பாதுகாப்புலதான் இருக்கு, பூஜையும் நடக்குது. சட்டத்திலேயே வழிபாட்டு இடத்தோட தன்மை கெடாம பார்த்துக்கணும்னு ஒரு பிரிவு இருக்கு. ஆனா அன்னைக்கு யாரும் அதை எங்களுக்கு உட்கார வச்சு சொல்லலை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்போமாங்கிறது வேற விஷயம்.

ரெண்டாவது பயம்தான் நிஜமான பயம். 1992ல் வந்த ஒரு அறிவிக்கைப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுத்தி 100 மீட்டர் வரைக்கும் புதுசா கட்டக்கூடாது. அதைத் தாண்டி 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டணும். எங்க கோவில் ஏறக்குறைய 25 ஏக்கர். மதில்ல இருந்து 100 மீட்டர் அளந்தா மாட வீதி வீடு, கடை எல்லாம் உள்ள வந்துடும். ஓட்டை மாத்தணும்னாலும் டெல்லியைக் கேட்கணுமான்னு ஊர் மிரண்டு போச்சு.

நானும் கூட்டத்துல நின்னு கோஷம் போட்டவன்தான். "எங்க கோவிலைப் பார்த்துக்க எங்களுக்குத் தெரியும்"னு கத்தினேன். இன்னைக்கும் அந்த எதிர்ப்பு முழுக்கத் தப்புன்னு நினைக்கலை. 800 வருஷம், 1000 வருஷம் புழக்கத்துல இருக்குற இடத்தை, அதுல புழங்குறவனைக் கேட்காம காப்பாத்த முடியாது. ஆனா அந்த கோஷத்துல ஒரு பாதியை நாங்க நிறைவேத்தவே இல்லை. "எங்களுக்குத் தெரியும்"னு சொன்னோமே, தெரிஞ்சதைச் செஞ்சோமா?

அதே ரெண்டு வருஷம், நூறு கிலோமீட்டர் தள்ளி

நண்பர் பாண்டிச்சேரிக்காரர்ங்கிறதால அந்த ஊர்க் கதையையும் சொன்னார். கேட்டதும் திக்குன்னு ஆயிடுச்சு, ஏன்னா வருஷம் அதேதான். 2002ல இருந்து 2004 வரைக்கும் நாங்க தொல்லியல் துறையோட மல்லுக்கட்டிட்டு இருந்தப்ப, அங்க 'இன்டாக்' அமைப்பு ஐரோப்பிய யூனியன் நிதியோட வைசியால் வீதியில வேலை பார்த்துக்கிட்டு இருந்திருக்கு. வெள்ளைக்காரத் தெரு இல்லைங்க, தமிழர் பகுதி. கோவிலும் இல்லை, அரண்மனையும் இல்லை. திண்ணை, தாழ்வாரம், மரத்தூண் வச்ச சாதாரண தமிழ் வீடுகள். முகப்பைப் பழைய மாதிரியே சரி பண்ணினாங்க, வீட்டுக்காரங்களும் செலவுல பங்கு போட்டாங்க. 2008ல் அந்தத் தெருவுக்கு யுனெஸ்கோவோட ஆசிய பசிபிக் விருது கிடைச்சுது.

பாண்டிச்சேரியிலயும் எல்லாம் சுபம் இல்லை. கடற்கரையில இருந்த பழைய 'மேரி' கட்டடம், அதாவது நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர்ல மழையில இடிஞ்சே விழுந்துச்சு. பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டி 2021ல் திறந்தாங்க. ஆனா விழுந்ததும் அந்த ஊருக்கு வலிச்சது பாருங்க, அதுதான் விஷயம். எங்க ஊர்ல ஒரு பழைய வீடு இடிஞ்சா "பரவாயில்லை, பார்க்கிங் கிடைக்கும்"னுதான் பேச்சு.

என் கையெழுத்து

இங்க என் கதையையும் சொல்லிடணும், இல்லைன்னா ஊரைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை கிடையாது.

எங்க தாத்தா வீடு கோவிலுக்கு ரெண்டு தெரு தள்ளி இருந்துச்சு. ரெண்டு பக்கமும் திண்ணை, உள்ள போனா மித்தம், சுத்தி தாழ்வாரம், நாலு தேக்குத் தூண். பின்கட்டுல நாட்டு ஓடு, முன்கட்டுல மெட்ராஸ் டெரஸ். தீபத்தன்னைக்கு வெளியூர்க்காரங்க திண்ணையில படுத்திருப்பாங்க. யார், எந்த ஊர்னு கேட்க மாட்டோம், பாட்டி ஒரு அண்டா மோர் கரைச்சு வச்சிருப்பாங்க.

2006ல் வித்துட்டோம். அப்பா இல்லை, சித்தப்பா, அத்தைன்னு ஏழு பங்கு. மழைக்கு ஒழுகுது, யாரும் அங்க இல்லை, நல்ல விலை வந்துச்சு. பத்திரத்துல ஏழு கையெழுத்து, அதுல ஒண்ணு என்னோடது. மூணு வாரத்துல தரைமட்டம். தூணும் வாசக்காலும் மரச்சாமான் வாங்குறவங்க லாரியில போச்சு. இப்ப அங்க நாலு மாடி லாட்ஜ்.

2002ல் கோவிலுக்காகக் கத்தின அதே வாய், 2006ல் ஒரு வார்த்தை பேசலை. அது 'வரலாற்றுச் சின்னம்'னு எனக்குத் தோணவே இல்லை. அது வெறும் வீடுதானே! அதை ஒரு போட்டோ கூட ஒழுங்கா எடுத்து வைக்கலை. கல்யாண ஆல்பத்துல மாப்பிள்ளை தலைக்குப் பின்னாடி பாதித் தூண் தெரியும், அவ்வளவுதான்.

ஒழுகுன காரணம் பிற்பாடுதான் புரிஞ்சுது. மெட்ராஸ் டெரஸ்னா மர உத்திரத்து மேல செங்கல்லை சாய்வா அடுக்கி சுண்ணாம்புச் சாந்துல கட்டுறது. சுண்ணாம்பு மூச்சு விடும், ஈரத்தை உள்ள வாங்கி வெளிய விட்டுடும். விரிசல் வந்தா கடுக்காய், வெல்லத் தண்ணி சேர்த்து அரைச்ச சுண்ணாம்புலதான் அடைக்கணும். நாங்க என்ன பண்ணோம், 'உறுதியா இருக்கட்டும்'னு மேல சிமென்ட் பூசினோம். ஈரம் உள்ளேயே மாட்டிக்கிச்சு, உத்திரம் மக்கிடுச்சு. வீடு வயசாகி சாகலை. நாங்க பாசமா தப்பு மருந்து கொடுத்தோம். கோவில்கள்ல கருங்கல்லை மணல் வீசி 'பளிச்'னு ஆக்குறதும் இதே ரகம்தான். அழுக்கோட சேர்ந்து கல்லோட மேல்தோலும் போகும், மேல்தோலோட கல்வெட்டும் போகும்.

எது பிழைச்சது, எது போச்சு

அப்ப எங்க ஊர்ல எதுவுமே பிழைக்கலையா? பிழைச்சிருக்கு. ஏன் பிழைச்சதுன்னு பார்க்கணும்.

1896 செப்டம்பர் 1ந்தேதி மதுரையில இருந்து ஒரு 16 வயசுப் பையன் வந்து ஆயிரங்கால் மண்டபத்துல உட்கார்ந்தான். தெருப் பசங்க கல்லெறியவே, மண்டபத்துக்குள்ளயே தரைக்குக் கீழ இருக்குற பாதாள லிங்கத்துக்குப் போய் இருட்டுல உட்கார்ந்தான். பூச்சி அரிச்சுத் தொடையெல்லாம் புண். அந்தப் பையன்தான் ரமண மகரிஷி. அன்னைக்கு அந்தப் பாதாள லிங்கம் யாரும் எட்டிப் பார்க்காத இருட்டுப் பொந்து. அரை நூற்றாண்டு கழிச்சு, தலேயார்கான்னு ஒரு பார்சி அம்மா, ரமணரோட பக்தை, முன்நின்று அதைச் சீர்படுத்தினாங்க. 1949 மே மாசம் கவர்னர் ஜெனரலா இருந்த ராஜாஜி வந்து திறந்து வச்சார். இன்னைக்கும் ஆயிரங்கால் மண்டபம் போறவங்க அதைப் பார்க்காம வர்றதில்லை.

பாதாள லிங்கம் பிழைச்சது, அதுக்கு ஒரு கதை இருந்ததால. அந்தக் கதையை ஒருத்தங்க கையில எடுத்து, காசு திரட்டி, கூடவே நின்னதால.

இப்ப இன்னொண்ணு. வடக்குக் கோபுரம், 171 அடி. அதுக்குப் பேரே அம்மணி அம்மன் கோபுரம். செங்கம் பக்கத்துல சென்னசமுத்திரத்துல பிறந்த அம்மணி அம்மாள் ஊர் ஊரா காசு திரட்டி அந்தக் கோபுரத்தை முடிச்சாங்கன்னு சொல்வாங்க. ராஜா கட்டினதைப் பார்த்திருக்கோம், மந்திரி கட்டினதைப் பார்த்திருக்கோம். ஒரு சாமியாரம்மா கட்டினது வேற எங்க இருக்கு? அந்தக் கோபுரத்துக்குப் பக்கத்துல அவங்க பேர்ல ஒரு பழைய மடம். 2023 மார்ச்ல ஆக்கிரமிப்பு அகற்றும்போது அந்த மடத்துக் கட்டடமும் இடிபட்டுச்சு. விஷயம் உயர்நீதிமன்றம் வரைக்கும் போச்சு. ஆக்கிரமிப்பை அகற்றினது தப்புன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா ஆக்கிரமிப்பு எது, பழைய கட்டடம் எதுன்னு பிரிச்சுச் சொல்ல கையில ஒரு காகிதம் இருந்திருந்தா? 'இந்த மடம், இந்த அளவு, இவ்வளவு பழசு, தொடாதே'ன்னு ஒரு வரி?

அதே 2023ல் ராஜகோபுரத்துக்கு முன்னாடி வணிக வளாகம் கட்ட அறநிலையத் துறை ஒரு திட்டம் போட்டுச்சு. எதிர்ப்பு வந்தது, நீதிமன்றம் போனது, திட்டம் கைவிடப்பட்டது. கோபுரம் தெரியாமப் போயிடும்னா ஊர் எழுந்துக்கும், அது நல்ல குணம்தான். ஆனா கோபுரத்துக்கு நாம எழுந்துக்கிறோம், மடத்துக்கு எழுந்துக்கிறது இடிச்ச அப்புறம். வீட்டுக்கு? எழுந்துக்கவே இல்லை.

கோவிவன்

தலைப்புக்கு வருவோம். யார் இந்த கோவிவன்?

நாய்ங்க. நிஜமாவே நாய் :-)

எங்க மாவட்டத்துல எடுத்தனூர்ல ஒரு நடுகல் இருக்கு. பல்லவ மகேந்திரவர்மன் காலம், ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்திங்கிற வீரன் கால்நடையை மீட்கிற சண்டையில செத்துப் போறான். அவனுக்குக் கல் நட்டாங்க. கல்லுல அவன் பக்கத்துல ஒரு நாய். அந்த நாயோட பேரு கோவிவன், அது ரெண்டு கள்ளரைக் கடிச்சு காவல் நின்னுச்சுன்னு எழுதி வச்சிருக்காங்க. யோசிச்சுப் பாருங்க. 1400 வருஷத்துக்கு முன்னாடி ஒரு மாட்டுக்கார ஊரு, ஒரு நாயோட பேரை எழுதி வச்சது. அதனால அந்த நாய் இன்னும் இருக்கு. நான் 2006ல் எங்க வீட்டைப் பத்தி எதுவும் எழுதி வைக்கலை. அதனால அந்த வீடு இல்லை.

அந்தக் கல்லும் சும்மா பிழைக்கலை. செங்கம் வட்டாரத்துல இப்படிப்பட்ட கற்கள் ஆடு மாடு கட்டவும், துணி துவைக்கவும், வேடியப்பன் சாமியா கும்பிடவும் இருந்துச்சு. தமிழ்நாடு தொல்லியல் துறை ஊர் ஊரா அலைஞ்சு படியெடுத்து, நாகசாமி பதிப்புல 'செங்கம் நடுகற்கள்'னு 1972ல் புத்தகமா போட்டுச்சு. புத்தகம் வந்த அப்புறம்தான் அது 'கல்லு'ங்கிறதுல இருந்து 'நடுகல்'னு ஆச்சு.

அந்த வேலையை இன்னைக்கு எங்க மாவட்டத்துல தொடர்றது திருவண்ணாமலை மாவட்ட வரலாற்று ஆய்வு நடுவம். உள்ளூர் ஆர்வலர்கள் சேர்ந்த அமைப்பு. ஏரிக்கரை, வயக்காடு, மலையடிவாரம்னு சுத்தி நடுகல், கொற்றவைச் சிற்பம், ஏரி மதகுக் கல்வெட்டுன்னு தேடிப் பதிவு பண்றாங்க. பேப்பர்ல அப்பப்ப செய்தி வரும், பார்த்திருப்பீங்க. இதுல பெரிய விஷயம் கண்டுபிடிக்கிறது இல்லை. ஊர்க்காரங்ககிட்ட 'இது உங்க ஊர்க் கல்லு, இதுல இன்னது எழுதியிருக்கு'ன்னு வாசிச்சுக் காட்டுறதுதான். என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்ச கல்லு மேல யாரும் துணி துவைக்க மாட்டாங்க.

எனக்கு ஒரே ஆசைதான். கிராமத்துக் கல்லுக்கு நடக்குற இந்த வேலை, டவுனுக்குள்ள கட்டடத்துக்கும் நடக்கணும்.

லிஸ்ட் போடுவோமா?

இதுல வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. எங்க ஊரை முழுசா ஆராய்ஞ்சு எழுதினது பிரெஞ்சுக்காரங்க. பாண்டிச்சேரியில இருக்குற பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் 1990 வாக்குல திருவண்ணாமலையைப் பத்திப் பல பகுதியா புத்தகம் போட்டாங்க. கல்வெட்டுகளைப் பதிப்பிச்சது பி.ஆர்.சீனிவாசன். கோவில் கட்டடம், திருவிழா, சமூகம்னு தனித்தனிப் பகுதி. ஒரு பகுதி ஊருக்குன்னே தனியா. ஆனா பெரும்பகுதி பிரெஞ்சுல இருக்கு. எங்க ஊர்க்காரங்க எத்தனை பேர் வாசிச்சிருப்போம்? நானே அட்டையைத்தான் பார்த்திருக்கேன்.

சட்டம் இல்லைன்னும் சொல்ல முடியாது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012லயே நிறைவேறிடுச்சு. நடைமுறைக்கு வந்தது 2024ல். நடுவுல 12 வருஷம், அதுக்குள்ள எத்தனை திண்ணை போயிருக்கும்! பழங்காலக் கோவில்கள் பாதுகாப்புக்காக சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூன்ல 75 உத்தரவு போட்ட தீர்ப்பு ஞாபகம் இருக்கா? அந்த வழக்கு ஆரம்பிச்சது 2015ல் பத்திரிகைக்கு வந்த ஒரு வாசகர் கடிதத்துல இருந்து. ஒரு கடிதம்! நாம வாரத்துக்கு நாலு பதிவு போடுறோம்.

அதனால நான் ஆரம்பிச்சுட்டேன். ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு டேப்பு, செல்போன் கேமரா. ஞாயித்துக்கிழமை காலையில ஒரு தெரு. வீட்டு முகப்பு போட்டோ, திண்ணை அகலம், தூண் மரமா கல்லா, கூரை ஓடா டெரஸா, வீட்டுக்காரங்க சொல்ற வயசு, சொல்ற கதை. அவ்வளவுதான். இடிக்காதீங்கன்னு யாருக்கும் புத்தி சொல்றதில்லை, அந்தத் தகுதி எனக்கு இல்லை. இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் டேப்போட உள்ள விடுங்கன்னு மட்டும் கேட்கிறேன்.

போன வாரம் ஒரு பெரியவர் திண்ணையில உட்கார்ந்து நான் அளக்கிறதையே பார்த்துக்கிட்டிருந்தார்.

"இன்னா தம்பி, வாங்கப் போறியா?"

"இல்லீங்க ஐயா, எழுதி வச்சிக்கிறேன்."

"எழுதி இன்னா பண்ணப் போற?"

கோவிவன் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் உள்ள பார்த்து, "ஏம்மா, தம்பிக்குக் காபி கொடு. அந்த மச்சு ரூம் சாவியையும் எடுத்தா"ன்னு குரல் கொடுத்தார். மச்சுல அவங்க தாத்தா காலத்து ஊஞ்சல் பலகை, பித்தளைச் சங்கிலியோட அப்படியே இருந்துச்சு. பையன் சென்னையில இருக்கானாம், வீட்டை விக்கலாம்னு சொல்றானாம். "நீ எழுதினதை ஒரு காப்பி எனக்குக் கொடு, அவனுக்குக் காட்டுறேன்"னார். வீடு தப்புமான்னு தெரியாது. ஆனா அந்தப் பையன் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை படிப்பான். 2006ல் எனக்கு அது கிடைக்கலை.

இது வரைக்கும் மூணு தெரு, பதினேழு வீடு, ரெண்டு சத்திரம், ஒரு மடம். மாசி மகத்துக்கு அண்ணாமலையாரே பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய், பிள்ளை இல்லாத வல்லாள மகாராஜாவுக்கு வருஷா வருஷம் திதி கொடுக்கிறார். சாமியே மறக்காம செய்யுற ஊரு இது. நாம ஒரு நோட்டு போடக் கூடாதா?

உங்க ஊர்லயும் ஒரு தெரு இருக்கும். நோட்டு முப்பது ரூபாதான். எழுதினா சொல்லுங்க, சேர்ந்து ஒரு பெரிய லிஸ்டா ஆக்கிடுவோம்.

கொசுறு: தாத்தா வீட்டு வாசக்கால் எங்கேயோ ஒரு ரிசார்ட்டுல இருக்கிறதா உறவுக்காரர் ஒருத்தர் சொன்னார். மேல் சட்டத்துல கஜலட்சுமியும், இடது நிலையில என் உயரத்தை வருஷா வருஷம் அப்பா கத்தியால கீறின கோடும் இருக்கும். எங்கேயாவது பார்த்தா போட்டோ எடுத்து அனுப்புங்க. அதையும் நோட்டுல சேர்த்துக்கிறேன்.